பரம்பரையும் பழியும்

குழந்தையில்லாத வீட்டில் முதலில் விசாரணைக்கு உள்ளாகின்றவள் பெண். ‘மலடி’ என்னும் சொல் தமிழர் நாவில் வெகு எளிதாக வந்துவிடுகின்றது. அதற்கு இணையான ‘மலடன்’ என்னும் ஆண்பாற் சொல் அகராதியில் உண்டு. பேச்சில் அதனைக் கேட்பது அரிது. காரணம் தேடப்படுமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு இவ்வேறுபாடொன்றே போதிய சான்று. மருத்துவம் கூறும் கணக்கோ வேறு. மகப்பேறின்மையால் வருந்தும் தம்பதியரை ஆராயுமிடத்து, ஏறக்குறையப் பாதிப்பேரில் ஆணின் உடற்குறை தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காரணமாகக் காணப்படுகின்றது. உலகில் வளர்ந்தோருள் ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்துன்பத்தை அனுபவிக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் அறிவித்தது. இத்துணைப் பரவலான ஒன்றைச் சாபமென்றும் தோஷமென்றும் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்துவது எவ்வகையிலும் பொருந்தாது.

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இச்சுமை மேலும் கனமானது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம், நுவரெலியாவைப் போன்று தமிழர் செறிந்து வாழும் நிலமன்று. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிற்றை ஆகிய பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களிலும், பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு திட்டுகளாகக் கிடக்கின்றன. வைத்தியசாலையின் மொழி பெரும்பாலும் சிங்களம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை; பாதியில் திரும்பினால் அரைப்பேர். உடல்நோவைச் சொல்வதற்கு மொழியும் குறைவு; அதனைத் தாங்கிப் படுத்திருப்பதற்குப் பொழுதும் குறைவு.

தோட்டப் பெண்ணின் கருவளம் நெடுங்காலமாகப் பிறருடைய கவனத்துக்குரிய பொருளாகவே இருந்துவந்துள்ளது. தொடக்கத்தில் அது நாளைய தொழிலாளரைத் தரும் ஊற்றாகக் கருதப்பட்டது. பின்னர், கட்டுப்படுத்தப்பட வேண்டிய பெருக்கமாகக் கருதப்பட்டது. 1980 ஆம் ஆண்டு முதல் நிரந்தரக் கருத்தடை அறுவைக்கு அரசு ஊக்கத்தொகை வழங்கியது. அவ்வறுவைக்கு உட்பட்ட பெண்களின் விகிதம் தோட்டத்துறையில் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் உயர்ந்து நின்றதைப் பின்வந்த குடித்தொகை ஆய்வுகள் காட்டின. பிள்ளைப்பேற்றை நிறுத்துவதற்கு இவ்வாறு வழிகள் அமைந்தன. பிள்ளை வேண்டி நின்றவளுக்கோ கோயிலும் நேர்த்திக்கடனுமே எஞ்சின. ‘பிள்ளை அதிகம்’ என்று பெயரெடுத்த சமூகத்தில் பிள்ளையில்லாதவள் ஒருவர் கண்ணிலும் படாமற் போனாள்.

அவ்வாறு கண்ணிற்படாத காரணங்களுள் ஒன்று எண்டோமெற்றியோசிஸ் என்னும் நோய். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வை ஒத்த இழையம், கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மேலும் பலோப்பியன் குழாய்களைச் சுற்றியும் குடலுக்கும் கருப்பைக்கும் இடைப்பட்ட குழியிலும் பற்றி வளர்வதே இந்நோய். மாதந்தோறும் ஓமோன்களின் ஏற்றவிறக்கத்துக்கேற்ப இவ்விழையமும் தடித்துக் கசிகின்றது. கருப்பையிலிருந்து வெளியேறும் குருதிக்கு வழியுண்டு, இதற்கு வழியில்லை. தேங்கிய இடத்தில் அழற்சி உண்டாகின்றது; அழற்சி ஆறுமிடத்தில் தழும்பு உண்டாகின்றது; தழும்பு ஓர் உறுப்பை மற்றோர் உறுப்போடு ஒட்டவைக்கின்றது. சூலகத்தினுள்ளே பழைய குருதி தேங்கிக் கரும்பழுப்பு நிறக் கட்டியாகத் திரள்வதுமுண்டு. குழாய் முறுகிவிட்டால் முட்டை செல்ல வழியில்லை. குழாய் திறந்திருப்பினும் அழற்சி நிறைந்த சூழலில் முட்டையும் கருவும் நலிவடைகின்றன. இந்நோயுள்ள பெண்களில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை கருத்தரிப்பதில் இடர்ப்படுகின்றனர் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களுள் ஏறக்குறையப் பத்துப் பேரில் ஒருத்திக்கு இந்நோய் உண்டு. அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து நோயின் பெயர் தெரியவருவதற்கு நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் செல்கின்றன. இது செல்வ நாடுகளையும் உள்ளிட்ட உலகநிலை.

இத்தகைய பெண்கள் பலருடைய வாழ்க்கையினின்றும் கூட்டியெடுத்து ஒருத்தியை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில் அவள் பிறந்தாள். பெரியபிள்ளையாகிச் சடங்கு முடிந்த அடுத்த ஆண்டிலேயே மாதத்தில் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பாடசாலைக்குப் போகவில்லை. “பொம்பளயாப் பொறந்தா வலிக்கத்தான் செய்யும் புள்ள. கல்யாணம் கட்டுனா எல்லாம் சரியாப் போயிரும்” என்றாள் தாய். அது அத்தாயின் கன்நெஞ்சமன்று. அவளுக்கு அவளுடைய தாய் கூறியதும் அதுவே. பின்னர் பால்வெட்டப் போன காலத்தில், விடியுமுன் எழுந்து மரம் மரமாக ஏறியிறங்கி, வாளி சுமந்து நடந்தபோது வலி இடுப்பிலிருந்து தொடைவரை இறங்கியது. வைத்தியசாலையில் என்ன வருத்தம் என்று கேட்டபோது, ‘படே கக்கும’ என்பதே அவள் அறிந்த சிங்களம். வயிற்றுவலி என்பது அதன் பொருள். எந்த நாளில், எவ்விடத்தில், எதனோடு சேர்ந்து என்ற விவரங்களெல்லாம் அவ்விரு சொற்களுக்குள்ளே மறைந்துபோயின. இரைப்பை எரிவுக்குரிய மாத்திரைகளோடு அவள் வீடு திரும்பினாள்.

இருபது வயதில் அத்தைமகனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்; சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பது பெரியவர்களின் எண்ணம். முதல் இரண்டாண்டுகள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினாள். நான்காம் ஆண்டில் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டாள். ஐந்தாம் ஆண்டில் ஊர் அவளுக்குப் பெயர் வைத்தது. வளைகாப்புக்கு அழைக்க மறந்தார்கள். பின்னர் மறவாமலே அழைக்காதிருந்தார்கள். அத்தை நேரில் எதுவும் சொல்லவில்லை. “எங்க அண்ணன் மகளுன்னுதான் எடுத்தேன்” என்று பிறரிடம் கூறியதை அவள் கேட்டாள்.

ஆறாம் ஆண்டில் பெரிய வைத்தியசாலையொன்றில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் அருகிலிருக்க, மருத்துவர் புதிய வினாவொன்றை எழுப்பினார்: குடும்பத்தில் வேறெவருக்கேனும் இத்தகைய வலி இருந்ததுண்டா? அவள் தாயை எண்ணித் தலையசைத்தாள். உடன்வந்த அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் சென்றபின் அவர் வாய்திறந்தார். “எனக்கும் அப்புடித்தாங்க. மாசம் மூணு நாளு எந்திரிக்க ஏலாது. இவன் பொறக்கவே எட்டு வருசமாச்சு. பொறகு ஒண்ணுமில்ல. நாப்பது வயசுல கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க.” அதுவரையில் அந்த வரலாற்றை அவர் தம் மகனுக்கும் சொன்னதில்லை, கேட்டவருமில்லை.

அத்தையின் அச்சொற்களுக்குப் பின்னே பிறப்புரிமையியல் என்னும் பெரியதோர் அறிவியற்றுறை நிற்கின்றது. மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுந்து அங்கே பற்றுவதே இந்நோய்க்குக் காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜோன் சாம்சன் 1920 களில் விளக்கினார். இக்கருத்து இன்றும் பெரிதும் ஏற்கப்படுவது. ஆயினும் அவ்வாறு பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களிடத்தும் நிகழ்கின்றது. அவ்வாறாயின், எல்லார்க்கும் வராத நோய் சிலர்க்கு மட்டும் வருவதேன்? விழுந்த விதை சில நிலத்தில் மட்டும் முளைப்பதேன்? இவ்வினாவே ஆராய்ச்சியாளரைப் பரம்பரையின்பால் திருப்பியது.

1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோ லீ சிம்சனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். நோயுற்ற பெண்களின் தாய், சகோதரியரிடையே ஏறக்குறைய 7 சதவீதத்தினருக்கு இந்நோய் காணப்பட்டது. ஒப்பீட்டுக்காக அவர்கள் எடுத்துக்கொண்டது அப்பெண்களின் கணவன்மாருடைய தாய், சகோதரியரை; அவர்களிடையே அது ஏறக்குறைய 1 சதவீதமே. பின்னர் 1999 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் சூசன் திரெலோரும் பிறரும் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையர் தம் பரம்பரையலகுகள் யாவற்றையும் பகிர்ந்துகொள்கின்றனர். மற்ற இரட்டையர் சராசரியாகப் பாதியையே பகிர்ந்துகொள்கின்றனர். இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டபோது, இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் 51 சதவீதம் பரம்பரையால் விளைவது என்று கணிக்கப்பட்டது. சுவீடனில் 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்டையர் ஆய்வும் 47 சதவீதம் என்று இதனை அடுத்த ஓர் எண்ணையே தந்தது.

இவ்வெண்களைப் பிழைபட விளங்கிக்கொள்ளுதல் எளிது. நோயாளியின் மகளுக்குப் பாதிக்குப் பாதி இந்நோய் வரும் என்பது இதன் பொருளன்று. நோயுற்றவளின் மகளோ சகோதரியோ பிறரைவிடச் சில மடங்கு கூடுதலான வாய்ப்புடையவள். எனினும் அவர்களுள் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. தனியொரு பரம்பரையலகின் பிழையால் தலைமுறை தவறாது இறங்கும் நோய்களின் வகையில் இது சேர்ந்ததன்று. நிறமூர்த்தங்களின் பல இடங்களில் உள்ள சிறு சிறு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவே நோயின்பால் சாய்க்கின்றன. 2010 ஆம் ஆண்டில் ஜப்பானியப் பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் அத்தகைய ஓரிடத்தைச் சுட்டியது. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டுப் பேராய்வு 60,674 நோயாளரையும் நோயற்ற 701,926 பேரையும் ஒப்பிட்டு 42 இடங்களை அடையாளம் கண்டது. அவற்றுட் சில பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் கருவில் உருவாகும் காலத்தில் தொழிற்படுபவை. சில ஈஸ்திரசனின் செயலோடு தொடர்புடையவை. சில, ஒற்றைத் தலைவலி, முதுகுவலி முதலிய நீடித்த நோவுகளோடும் பொதுவானவை. அவள் வலியை மிகைப்படுத்துகின்றாள் என்று கூறுவோர்க்கு இக்கடைசி முடிவு ஒரு மறுமொழி: வலியை உணரும் முறையிலேயே பரம்பரையின் பங்கு உண்டு.

அந்த 42 இடங்களும் ஒன்றுசேர்ந்தும் நோய்க்குரிய வேறுபாட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கையே விளக்குகின்றன. மேலும், அப்பேராய்வில் இடம்பெற்றோர் ஐரோப்பிய வழியினரும் கிழக்காசிய வழியினருமே. தென்னாசியப் பெண்ணின் குருதி அக்கணக்கில் இல்லை. தோட்டத்து லயத்திலிருப்பவளை வைத்தியசாலையின் மொழி மறைத்தது போலவே, உலக ஆராய்ச்சியின் அட்டவணையும் மறைத்து நிற்கின்றது.

சிம்சனின் ஆய்வு முறையை நம் சமூகத்தின் உறவுமுறையோடு வைத்து நோக்கினால் ஓர் உண்மை துலங்கும. அவர் கணவனின் தாயை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதன் காரணம், அவள் மருமகளோடு இரத்த உறவில்லாதவள் என்பதே. அமெரிக்காவில் அது பொருந்தும். மாமன் மகளையும் அத்தை மகளையும் உரிமைப்பெண்ணாகக் கொள்ளும் தமிழரிடையே அது பொருந்தாது. தந்தையின் சகோதரியே மாமியாராகும்போது, அத்தையும் மருமகளும் சராசரியாகத் தம் பரம்பரையலகுகளில் நான்கிலொரு பங்கைப் பகிர்ந்துகொள்கின்றனர். பெண்ணின் நோயெனினும் அதற்குரிய பரம்பரையலகைத் தந்தையும் சுமந்து மகளுக்குக் கையளிக்கலாம். அவருக்குக் கருப்பை இல்லாமையால் அது அவரிடத்தில் வெளிப்படுவதில்லை. எனவே ‘எந்தக் குடும்பத்துக் குறை இது?’ என்று வினவும் மாமியார், விடை தம்மிடமே இருப்பதை அறியாமல் வினவுகின்றார். குற்றஞ்சாட்டுபவரும் சாட்டப்படுபவளும் ஒரே கொடியின் இரு கிளைகள்.

இதனைக் கொண்டு சொந்தத்தில் மணப்பதே இந்நோய்க்குக் காரணமென்று முடிவுகட்டுதல் தவறு. நெருங்கிய உறவில் மணப்பதால் மிகுவன, பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பின்னிடைவான பரம்பரையலகு வந்துசேர்வதால் விளையும் நோய்கள். எண்டோமெற்றியோசிஸ் அவ்வினத்தைச் சார்ந்ததன்று. பத்தில் ஒருத்திக்கு வரும் நோயாதலின், ஒரு குடும்பத்தில் இருவருக்கு வந்தமை தற்செயலாகவும் இருத்தல் கூடும். அத்தையின் வரலாறு ஒரு சான்றன்று, ஒரு குறிப்பு. ஆயினும் அக்குறிப்புப் பத்தாண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருப்பின், இரைப்பை மாத்திரையோடு அச்சிறுமி திரும்பியிருக்கமாட்டாள்.

பரம்பரையோடு தொடர்புடைய வேறு காரணங்களையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறலாம். ஏறக்குறைய 2,500 பெண்பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படும் தேர்ணர் நிலையில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதால் சூலகம் சிறுவயதிலேயே தளர்ந்துவிடுகின்றது. ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருத்தி கருப்பை வளராமலே பிறக்கின்றாள். எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள எவ்.எம்.ஆர்.1 என்னும் பரம்பரையலகில் ஏற்படும் ஒருவகை நீட்சியைத் தாங்கிய பெண்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருத்திக்கு நாற்பது வயதுக்கு முன்னரே சூலகத்தின் தொழில் நின்றுவிடுகின்றது. அந்நீட்சியைச் சுமக்கும் தந்தை அதனைத் தன் மகளிர் அனைவருக்கும் கையளிக்கின்றான். மறுபுறத்தில், பலோப்பியன் குழாய்களைத் தாக்கும் காசநோய் போன்று பரம்பரையோடு தொடர்பற்ற காரணங்களும் உள. இவற்றுள் எது என்பதைக் கண்டறிவது மருத்துவரின் கடமை. ஊராரின் நாவுக்கு அதில் இடமில்லை.

குடிவழி நோய்வரலாறு என்பது நகரத்து மருத்துவமனையில் ஒரு தாளில் நிரப்பப்படும் எளிய பகுதி. சப்பிரகமுவத் தோட்டக் குடும்பங்களுக்கு அது எளிதன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தது. அக்கா தலைமன்னாரில் கப்பலேறினாள். தங்கை லயத்தில் தங்கினாள். 1977 ஆம் ஆண்டிலும் 1981 ஆம் ஆண்டிலும் இம்மாகாணத்துத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயல்கள் மேலும் பலரை வவுனியா முதலிய இடங்களுக்கு விரட்டின. பெரியம்மாவுக்குப் பிள்ளை இருந்ததா, சின்னம்மா எவ்வாறு வாழ்ந்தாள் என்ற வினாக்களுக்கு விடை கூறக்கூடியவர்கள் நீலகிரியிலோ வன்னியிலோ இருக்கின்றனர்; பலர் இல்லை. அரசியல் பிரித்த குடும்பத்தில் மருத்துவ நினைவும் பிரிந்துபோயிற்று. எஞ்சியிருக்கும் நினைவோ பெண்களிடமே உள்ளது. அவர்கள் அதனை வெட்கமென்று மூடி வைத்திருக்கின்றனர்.

பரம்பரை என்றதும் அது மாற்றவியலாத ஊழ் என்று எண்ணுவாருமுளர். பரம்பரையலகு ஒரு சாய்வைத் தருகின்றது, முடிவைத் தருவதில்லை. இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லையெனினும் அடக்கும் வழிகள் உள. வலிநீக்கிகளும் ஓமோன் மாத்திரைகளும் பலருக்கு ஆறுதல் அளிக்கின்றன. ஒட்டுகளையும் கட்டிகளையும் அறுவையால் அகற்றலாம். பிள்ளை வேண்டுவோரிற் சிலருக்கு அது துணைபுரிகின்றது. உடலுக்கு வெளியே கருவூட்டும் முறையும் உண்டு. ஆயினும் நாட்கூலியில் வாழ்பவர்க்கு அதன் செலவு எட்டாக்கனி. முன்னாளில் வயிற்றைத் துளையிட்டுக் கருவியாற் பார்த்தாலன்றி நோயை உறுதிசெய்ய இயலாது எனப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டுநெறி, அறிகுறிகளையும் ஒலியலைப் படங்களையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம் எனக் கூறியது. தோட்டத்துப் பெண்ணுக்கு இது பெரியதொரு மாற்றம். சரியான வினாவும் சரியான மொழியுமே முதற் கருவிகளாகின்றன. ஓமோன் மாத்திரையிலும் ஒரு சிக்கலுண்டு. அதன் பெயர் கருத்தடை மாத்திரை. மணமாகாத மகளுக்கு அதனைக் கொடுக்க எந்தத் தாயும் அஞ்சுவாள். அம்மாத்திரை வலிக்கும் மருந்தாகும் என்பதைத் தாய்மொழியில் விளக்கிக் கூறுவோர் வேண்டும்.

அதற்குரிய வாயில்கள் முற்றாக இல்லாமலில்லை. லயத்துக்கு வீடுதோறும் செல்லும் குடும்பநல மருத்துவமாது இருக்கின்றார். 1996 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. ஆயின் அந்நிலையங்கள் பெரிதும் முப்பத்தைந்து வயதையுடைய பெண்களை நோக்கமாகக் கொண்டவை. இந்நோயோ பதின்மூன்று, பதினான்கு வயதில் பாடசாலைக்கு வராத அந்த மூன்று நாள்களிலேயே தலைகாட்டிவிடுகின்றது. ஆகவே அதனை முதலிற் காணக்கூடியவர் ஆசிரியர். தோட்டப் பாடசாலை வரவுப் பதிவேட்டில் மாதந்தோறும் ஒரே இடைவெளியில் விழும் வெற்றிடங்கள், படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு நோய்க்குறிப்பு.

பல்கலைக்கழகங்களுக்கு வரும் மலையக மாணவியரின் தொகை கூடிவருகின்றது. அவர்களுட் பலர் தத்தம் வீட்டில் எழுத்தறிந்த முதற் பெண்கள். பாட்டியிடமும் அத்தையிடமும் தாயிடமும் அமர்ந்து, அவர்தம் உடல் பட்ட பாட்டைக் கேட்டு, தாய்வழி தந்தைவழி இரண்டையும் ஒரு தாளில் வரைந்துவைக்கும் தகுதி இன்று அவர்களுக்கே உண்டு. எவர் எப்போது தூரமானார், எவருக்கு வலி, எவருக்குக் கருச்சிதைவு, எவருக்கு எத்தனை ஆண்டு சென்று பிள்ளை என்பன எழுதப்பட்டால், அடுத்த தலைமுறைச் சிறுமிக்கு மருத்துவர் முன்னிலையில் ‘படே கக்கும’ என்னும் இரு சொற்களை விடக் கூடுதலாகச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். அத்தாளில் எவர் பெயருக்கு எதிரேயும் ‘மலடி’ என்று எழுத வேண்டிய தேவை நேராது.